28 அடிப் பாய்மரப் படகில் நாலு பேர் எங்கே படுப்பது?

வாவிக்கரை: வணக்கம். கல்லடியில் பழைய படகொன்றின் உள்ளறையைக் கழற்றிவிட்டுத் திரும்பக் கட்டுகிறேன். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், திருகோணமலை வரை ராத்திரி ஓட ஆசை. முன்மூக்கில் பெரிய கட்டில் போடவா, நடுவில் இருக்கையை நீட்டவா?

கரைவலை: தம்பி, முன்மூக்குக் கட்டில் நங்கூரம் போட்டால்தான் சுகம். ஓடும்போது அந்த இடம்தான் அதிகம் தூக்கித் தூக்கி அடிக்கும், கண்மூட ஏலாது. நடு இருக்கைகளை நேராக, ஆறேகால் அடி நீளத்தில் செய்யுங்கள். தோள் பக்கம் 2 அடி அகலம் போதும், அதைவிட அகன்றால் படகு ஆட ஆட ஆளும் உருளும்.

பாசிக்குடாக்காரன்: அண்ணன் சொன்னது சரி. ஓரத்தில் கன்வஸ் துணி அடித்து மேலே கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள், சாய்ந்தாலும் பிள்ளை விழாது. உட்கார, மெத்தையோடு 16, 17 அங்குல உயரம், அதற்கு மேல் தலைக்கு 3 அடி. மெத்தைக்குக் கீழ்ப் பலகையில் கட்டாயம் துளை போடுங்கள். நான் போடாமல் விட்டு, மாரியில் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம்.

வாவிக்கரை: நன்றி அண்ணன்மார். இன்று அட்டைப்பெட்டி வெட்டி வைத்து எல்லாரும் படுத்துப் பார்த்தோம். மகனுக்கு முழங்கை அலுமாரியில் இடிக்கிறது, அதனால் அலுமாரியை 2 அங்குலம் பின்னுக்குத் தள்ளப் போகிறேன்.