பையில் வைக்க ஒரு மடக்குக் கத்தி

கார்த்தி: பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, அப்புறம் பழம் நறுக்க ஒரு மடக்குக் கத்தி வாங்கலாம் என்றிருக்கிறேன். இந்தப் படத்தில் இருப்பது எப்படி மாமா? பிளேடு 10 செ.மீ., கனம் 4 மி.மீ. நல்ல உறுதியாகத் தெரிகிறது.

செல்வம் மாமா: வேண்டாம் மாப்பிள்ளை. அந்தக் கனம்தான் பிரச்சினையே.

செல்வம் மாமா: எவ்வளவு கூர் போட்டாலும், பின்னால் வரும் தகடு 4 மி.மீ. என்றால் அது ஆப்பு மாதிரிதான் இறங்கும். ஆப்பிளை நறுக்கினால் துண்டு விழாது, பாதியில் பிளந்துகொள்ளும். தடித்த அட்டையில் சிக்கி நிற்கும். 2 மி.மீ.யை ஒட்டி இருந்தால் போதும். நீளம் 6 முதல் 8 செ.மீ. வரை.

மீனா அக்கா: மெலிசாக இருந்தால் உடைந்துவிடாதா மாமா?

செல்வம் மாமா: அறுத்தால் உடையாது அம்மா. மூடியை நெம்பினால்தான் முனை போகும். நெம்புகிற வேலைக்கு ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதே.

லதா சித்தி: அறுக்கும்போது மடங்கி விரலில் விழுமோ என்றுதான் எனக்குப் பயம். லாக் உள்ளதாக வாங்கச் சொல்லுங்கள் அண்ணா.

செல்வம் மாமா: நியாயமான பயம் லதா. சுவிஸ் கத்தி நிறுவனமான விக்டோரினாக்ஸின் சின்ன ரகங்களில் லாக் கிடையாது, பின்பக்க ஸ்பிரிங்தான் பிளேடைப் பிடித்து வைத்திருக்கும். கூர் பக்கத்தை அழுத்தி அறுக்கும்வரை மடங்காது. முனையால் குத்தினாலோ முதுகில் அழுத்தம் விழுந்தாலோ மடங்கிவிடும்.

கார்த்தி: லாக் என்றால் எந்த வகை நல்லது?

செல்வம் மாமா: லைனர் லாக் என்று நிறைய வருகிறது. உள்ளே இருக்கும் தகட்டைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே மடக்க வேண்டும். அதாவது, பிளேடு இறங்கும் வழியிலேயே விரல் இருக்கும். பழகும்வரை மெதுவாக மடக்க வேண்டும். எனக்குப் பிடித்தது பிரான்சின் ஓப்பினெல். 1890இல் தொடங்கியது, பூட்டும் வளையம் 1955இல் வந்தது. பிடியின் கழுத்தில் உள்ள அந்த வளையத்தைத் திருப்பினால் பிளேடு அப்படியே நிற்கும். விரல் குறுக்கே வராது.

செல்வம் மாமா: ஒரே குறை, அது மரப்பிடி. ஈரம் ஏறினால் மரம் ஊதிப் பிளேடைக் கவ்விக்கொள்ளும், திறக்கச் சிரமம். கழுவினால் உடனே துடைத்துக் காய விடு. ஓப்பினெல் அளவுகளுக்கு எண் உண்டு. 8ஆம் எண்ணில் பிளேடு 8.5 செ.மீ. நான் சொன்னதை விடக் கொஞ்சம் நீளம், ஆனால் மெல்லியது.

மீனா அக்கா: எனக்கு இடது கை. இந்த லைனர் லாக் எனக்கு ஒத்து வந்ததே இல்லை.

செல்வம் மாமா: வராது. வலது கட்டைவிரலுக்கென்று செய்தது அது. உனக்குப் பிடியின் முதுகில் அழுத்தி விடுவிக்கும் லாக்தான் சரி, எந்தக் கையானாலும் ஒன்றுதான்.

கார்த்தி: இதில் 60 எச்ஆர்சி என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே?

செல்வம் மாமா: எஃகின் கடினம் அது. கூடக் கூட, கூர் அதிக நாள் நிற்கும். ஆனால் மழுங்கிய பிறகு அதைத் தீட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். அட்டை எந்தக் கத்தியையும் சீக்கிரம் மழுக்கும், நீ அறுக்கப் போவதும் அட்டைதான். விக்டோரினாக்ஸே 56ஐ ஒட்டித்தான் வைக்கிறது. 1000 கிரிட் (சொரசொரப்பின் அளவு) தீட்டுக்கல்லில், பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை சாய்த்துப் பிடித்து நாலு இழுப்பு இழுத்தால் கூர் திரும்ப வந்துவிடும். பல் வைத்த பிளேடு மட்டும் வேண்டாம். கயிற்றுக்கு நன்றாக இருக்கும், வீட்டுக் கல்லில் தீட்ட முடியாது.

லதா சித்தி: துருப்பிடிக்காதது வாங்கு கார்த்தி. நீ துடைத்து வைக்கிற ஆள் இல்லை.

கார்த்தி: சரி சித்தி. விமானத்தில் கொண்டு போகலாமா?

செல்வம் மாமா: கைப்பையில் கூடாது. செக்-இன் பெட்டியில் போடு. போகிற நாட்டின் சட்டத்தையும் பார்த்துக்கொள். பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேற்படாத, லாக் இல்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வெளியே வைத்திருக்கலாம். லாக் இருந்தால் தக்க காரணம் காட்ட வேண்டும்.

கார்த்தி: அப்படியானால் வீட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஓப்பினெல் 8 வாங்கிவிடுகிறேன். படத்தில் இருந்தது வேண்டாம்.

செல்வம் மாமா: கல்லையும் சேர்த்தே வாங்கிவிடு. ஞாயிற்றுக்கிழமை வா, தீட்டச் சொல்லித் தருகிறேன்.