புதுப்பிப்பு: உதிர்ந்துபோன கொள்ளு லோஃப் இந்த முறை உதிராமல் நின்றுவிட்டது

கறி சேர்க்காமல் கொள்ளும் சாமையும் வைத்து லோஃப் (ரொட்டி மாதிரி ஓவனில் சுட்டு, துண்டு போடுவது) செய்தேன், கத்தி வைத்ததும் உப்புமாவாக உதிர்ந்துவிட்டது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? நேற்று மறுபடி செய்தேன். நின்றுவிட்டது.

தப்பு தண்ணீரில்தான். வெந்த கொள்ளை நான் சரியாக வடிக்கவில்லை. இந்த முறை 1 கப் கொள்ளை இரவு முழுக்க ஊறவைத்து, குக்கரில் மெத்தென்று வேகவிட்டு, சல்லடையில் அரை மணி நேரம் வடியவிட்டேன். (வடித்த தண்ணீர் ரசத்துக்குப் போனது. அதைக் கொட்டினால் கொங்குநாட்டு வீட்டில் சோறு கிடைக்காது.) முக்கால் பங்கைக் கொரகொரப்பாக அரைத்து, மீதியை முழுசாகவே சேர்த்தேன். அரை கப் சாமையைக் குழைய வேகவைத்துக் கலந்தேன். முட்டைக்குப் பதிலாக 2 ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை 6 ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்தால் வழவழவென்று பசையாகிவிடும். பிடிப்பு அதில்தான் இருக்கிறது. சின்ன வெங்காயம், வரமிளகாய், சீரகம் எல்லாம் வழக்கம்போல வதக்கியது.

ஓவனில் 180 டிகிரியில் 50 நிமிடம். அப்புறம் 20 நிமிடம் தொடவே இல்லை. ஆறினால்தான் மாவுச்சத்து இறுகும். போன முறை ஆசைப்பட்டுச் சுடச்சுட வெட்டியது இரண்டாவது தப்பு.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்த அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஒரு துண்டு தின்றுவிட்டு, “என்ன கண்ணு, வடையைச் செங்கல்லாட்டம் சுட்டு வெச்சிருக்கற? நல்லாத்தான் இருக்குது” என்றார். தக்காளி சாஸ் வேண்டாமாம். கொள்ளு ரசத்தையே மேலே ஊற்றிக்கொண்டார்.