ஐட்டம் மோட்: அகழியா, அவையா?

சென்ற வசந்தத்தில் தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள ஐட்டம் மோட் மாளிகையைப் பார்த்து வந்தேன். செவனோக்ஸ் நிலையத்தில் இறங்கி, ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி 'இக்தாம்' என்று கேட்டபோது, வாடகைக் கார் ஓட்டுநர் சற்று யோசித்துவிட்டு, அதை 'ஐட்டம்' என்றுதான் சொல்வார்கள் என்று பணிவாகத் திருத்தினார். எஹ்தா என்பவரின் குடியிருப்பு என்பது அப்பெயரின் பொருள். பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் என்பவற்றின் ஈற்றில் நிற்கும் அதே 'ஹாம்'தான் இங்கே தேய்ந்து ஒலிக்கிறது.

'மோட்' என்பதில்தான் வழக்கு. 1320 வாக்கில் கட்டத் தொடங்கிய அந்த வீட்டின் சாம்பல் நிறக் கற்சுவர், இடையில் கரையே இல்லாமல், நேராக நீருக்குள் இறங்குகிறது; பாலத்தில் நின்றபோது, நீரில் பட்ட வெயில் மேல்தளத்து மரச்சட்டங்களின் மீது நெளிந்துகொண்டிருந்தது. அங்கு வழிகாட்டியாக இருந்த முதிய அம்மையார், அகழியைக் குறிக்கும் 'மோட்' என்பாரும், ஊரவை கூடும் இடத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லான 'மூட்' என்பாரும் உண்டு என்றார். அகழி என்று கொண்டாலும் அச்சொல்லின் கதை சுவையானது. பழைய பிரெஞ்சில் 'மோட்' என்றால் மண்மேடு. ஆங்கிலத்துக்கு வந்தபின் அது மேட்டை விட்டுப் பள்ளத்தைக் குறிக்கலாயிற்று. நம் மொழியிலோ அகழ்ந்ததனால் அகழி, அவ்வளவுதான்.

என் மனம் அகழியின் பக்கமே சாய்கிறது. பழைய ஆங்கிலேயர் அவை கூட்டியது பெரும்பாலும் மேடுகளிலும் ஆற்றுத் துறைகளிலும் சாலைகள் சந்திக்கும் இடங்களிலும்தான். இந்த வீடோ மரங்கள் மூடிய பள்ளத்தாக்கில் ஒடுங்கியிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த கிராம்வெல்லின் படைவீரர்கள் இதைக் கொள்ளையிட வந்து, வழி தெரியாமல் அலைந்து திரும்பினார்கள் என்றொரு கதையும் அங்கே வழங்குகிறது. தேடி வந்தவர்களுக்கே அகப்படாத இடத்தை அவை கூட யார் தேர்ந்தெடுத்திருப்பார்கள்?

1591 முதல் ஏறத்தாழ 300 ஆண்டுகள் செல்பி குடும்பத்தார் ஆண்டனுபவித்தும் வீடு அவர்கள் பெயரைப் பெறவில்லை. 1953இல் இதை வாங்கிய அமெரிக்கரான சார்லஸ் ஹென்றி ராபின்சனும் பெயரை மாற்றவில்லை; அவர் எழுதி வைத்தபடி 1985இல் இது, பழைய மாளிகைகளைப் பேணிக் காக்கும் தேசிய அறக்கட்டளையின் உடைமையாயிற்று. திரும்பும் வழியில் அதே ஓட்டுநரிடம் இதையெல்லாம் சொன்னேன். தம் வீட்டில் ஊர்ப் பெயரைக்கூடச் சேர்ப்பதில்லை, 'மோட்டுக்குப் போகிறோம்' என்பதே வழக்கம் என்றார்.