கார்த்திக் வேலை: பெங்களூருவா, ஒரகடமா?

முரளி பெரியப்பா: வாழ்த்துகள் கார்த்திக்! பெங்களூரு ஆஃபர் வந்துவிட்டதாமே. யோசிக்காமல் ஒத்துக்கொள்.

கலா அத்தை: வாழ்த்துகள் கண்ணா. நம் சென்னைக்குப் பக்கத்திலேயே, ஒரகடம் கம்பெனியும் கூப்பிட்டதாக உன் அம்மா சொன்னார்களே?

கார்த்திக்: ஆமாம் அத்தை. அங்கே பிரேக் டிசைன், நான் படித்த மெக்கானிக்கலுக்கு நேரான வேலை. பெங்களூருவில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஆனால் மாதம் 12,000 அதிகம்.

முரளி பெரியப்பா: 12,000 சும்மாவா?

கலா அத்தை: பி.ஜி. வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் டிக்கெட் எல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும் அண்ணா? காசை விடுங்கள். மெக்கானிக்கல் படித்தவனுக்குச் சென்னையைச் சுற்றியே வேலை இருக்கிறது. முதல் வந்தே பாரத் ரயிலை 2018இல் செய்தது நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைதானே! 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்ய ஆரம்பித்தார்கள். உதிரிபாகக் கம்பெனிகள் கூடவே வந்தன. வண்டிகளைச் சோதிக்கும் ஜி.ஏ.ஆர்.சி. மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. மஹிந்திரா சிட்டியில் 2012 முதல் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம். ஒரு வேலை சரிப்படாவிட்டாலும் வீடு மாறாமல் அடுத்ததைத் தேடலாம். டெஸ்டிங்கில் மூன்று வருடம் இருந்துவிட்டு டிசைனுக்கு வந்தால் ஃப்ரெஷராகத்தான் பார்ப்பார்கள்.

நிவேதா அக்கா: அத்தை சொல்வது சரி. ஆனால் "இங்கேயே இரு" என்று சொன்னால் மட்டும் போதாது. நான் ஹைதராபாத் போனது சம்பளத்துக்காக மட்டும் இல்லை. வேலைக்குப் போன பிறகும் வீட்டில் என்னைக் காலேஜ் பெண்ணாகவே நடத்தினார்கள். எட்டு மணி தாண்டினால் போன் மேல் போன்.

கார்த்திக்: எனக்கும் அதுதான் யோசனை அக்கா. கம்பெனி பஸ் விடியற்காலையில். சாயங்காலம் வந்ததும் கேஸ் புக்கிங், கல்யாண அலைச்சல் எல்லாம் "நீதான் ஊரில் இருக்கிறாயே" என்று என் தலையில் விழும்.

அம்மா: விழாதுடா. மாடி அறையை உனக்கே தருகிறோம். எத்தனை மணிக்கு வந்தாலும் கேட்க மாட்டேன், சாவி உன்னிடம் இருக்கட்டும்.

நிவேதா அக்கா: இதைத்தான் எதிர்பார்த்தேன் சித்தி ❤️ கார்த்திக், டிசைன் டீம் இங்கேதான் இருக்கிறதா, இல்லை தயாரிப்பு மட்டும்தானா என்று கேள். இத்தனை வருடம் விலகக் கூடாது என்று பாண்ட் உண்டா என்றும் கேள்.

முரளி பெரியப்பா: சின்ன கம்பெனியில் வளராமல் போய்விடுவானோ என்றுதான் எனக்குக் கவலை. என் நண்பர் மகன் ஒரகடத்தில்தான் வேலை பார்க்கிறான். நம்பர் அனுப்புகிறேன், பேசிவிட்டு முடிவு செய்.

கார்த்திக்: சரி பெரியப்பா. வெள்ளி வரை டைம் இருக்கிறது. இன்றைக்கே பேசுகிறேன்.