ஆடிட்டர் அலுவலகத்துக்கு இணையவழித் தொலைபேசி: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

மார்த்தாண்டம் ஆடிட்டர்:
அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் நான்கு பேர் பணிபுரியும் ஆடிட்டர் அலுவலகம் நடத்தி வருகிறேன். 04651 எனத் தொடங்கும் எங்கள் செப்புக் கம்பி இணைப்பை விட்டு, ஒரே எண்ணுக்கு வரும் அழைப்புகளை நான்கு மேசைகளுக்கும் பிரித்துத் தரும் இணையவழித் தொலைபேசிக்கு மாற எண்ணியுள்ளேன். வருமான வரிக் கணக்குத் தாக்கல் நெருங்கும் ஜூலையில் அழைப்பு தவறினால் வாடிக்கையாளர்கள் கலங்கிவிடுகிறார்கள் என்பதால், கட்டணத்தைவிட நம்பகத்தன்மையே எனக்கு முக்கியம். இணைய வேகம் எவ்வளவு வேண்டும்? வேறு எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

தக்கலை நெட்வொர்க்:
வணக்கம் ஐயா. வேகம் ஒரு பொருட்டே அல்ல. குரலை எண்வடிவத் தரவாக மாற்றும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு ஏறத்தாழ 90 கிலோபிட் போதும். நால்வரும் ஒருசேரப் பேசினாலும் அரை மெகாபிட்டைத் தாண்டாது. குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம், பேக்கெட்டுகள் (குரலைச் சுமந்துவரும் சிறு தரவுத் துண்டுகள்) வழியில் தொலைவதும் சீரற்ற இடைவெளியில் வந்துசேர்வதும்தான். உங்கள் உதவியாளர் பெரிய ஸ்கேன் கோப்பு ஒன்றை அப்லோடு செய்யும்போது ரூட்டரில் வரிசை நீண்டு, குரலும் அதன் பின்னால் காத்துக்கிடக்கும். ஆகவே குரலுக்கு முன்னுரிமை தரும் ரூட்டரை வாங்குங்கள். அழைப்பு இணைந்த பிறகும் ஒருவர் குரல் மட்டுமே கேட்டால், இணைய அழைப்பின் தகவல்களை ரூட்டரே இடையில் மாற்றியமைக்கும் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்ற அமைப்பை முதலில் அணைத்துப் பாருங்கள்.

நாகர்கோவில் வழக்கறிஞர்:
மேலே சொன்னவை சரி. ஆனால் நம் மாவட்டத்தில் முதலில் கவனிக்க வேண்டியது மின்சாரம். செப்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. ஃபைபர் மோடத்துக்கு நம் வீட்டு மின்சாரம்தான் கதி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் மறந்துவிட முடியாது. மோடம், ரூட்டர் இரண்டையும் இன்வெர்ட்டரில் இணையுங்கள். மாற்று இணைப்பாக இன்னொரு கேபிளை எடுத்தால், இரண்டும் ஒரே கம்பத்தில் வரும்பட்சத்தில் ஒரு ரப்பர் மரக்கிளை இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். அதற்கு 4ஜி சிம் போடும் ரூட்டரே மேல்.

அதைவிடவும் முக்கியமாக, உங்கள் அலுவலக இணைப்பு அறுந்தால் அழைப்பைக் கைபேசிக்குத் திருப்பிவிடும் வேலையைத் தொலைபேசிச் சேவை தரும் நிறுவனத்தின் சர்வரே செய்ய வேண்டும். அலுவலகத்திலுள்ள கருவி திருப்பிவிடும் என்றால், அது அணைந்திருக்கும் நேரத்தில் பயனில்லை.

மார்த்தாண்டம் ஆடிட்டர்:
மிக்க நன்றி. பழைய எண்ணையே புதிய நிறுவனத்துக்குக் கொண்டுசெல்ல முடியுமா?

தக்கலை நெட்வொர்க்:
எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி கைபேசிகளுக்கு 2011 முதல் நாடெங்கும் உண்டு. நிலைவழி எண்ணுக்கு இல்லை. எனவே பழைய எண்ணை அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாற்றிக்கொண்டு, மோடத்தின் போன் சாக்கெட்டிலிருந்து அழைப்புகளை மேசைகளுக்குப் பிரித்துத் தரும் ஒரு சிறிய ஐபி பிபிஎக்ஸ் பெட்டிக்கு இணைப்புக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஓர் அழைப்புத்தான் வரும் என்ற குறை இதில் உண்டு. கூடுதல் அழைப்புகளுக்குப் புதிய எண் எடுப்பதானால், தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். ஓராண்டுச் சந்தாவுக்கு முன் ஒரு மாதம் மட்டும் எடுத்து, வேலை நேரத்தில் மோடத்தின் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வெளியிலிருந்து அழைத்துப் பாருங்கள். உங்கள் கைபேசி ஒலிக்காவிட்டால் அந்தச் சேவை வேண்டாம்.