ஜாம்பிக்குத் தமிழ்: நடைப்பிணமா, திரிபிணமா?

கோவையிலிருந்து:

அண்ணா, வணக்கமுங்க. நாடகச் சொற்பட்டியலில், செத்தும் எழுந்து நடமாடும் ஜாம்பிக்கு நேராக நீங்கள் போட்ட 'நடைப்பிணம்' ஒத்து வராதுங்க. மனசொடிந்து கிடப்பவரைத்தான் 'நடைப்பிணமா ஆயிட்டாரு' என்கிறோம். காட்சிக் குறிப்பில் 'நடைப்பிணமாக நுழைகிறான்' என்றிருந்தால் நடிகர் சோகமுகத்தோடுதான் வருவார். அதோடு, 2000-க்குப் பிந்தைய படங்கள் பலவற்றில் ஜாம்பிகள் தலைதெறிக்க ஓடுகின்றன.

வேதாளமும் ஆகாது. பிணத்துக்குள் புகுந்தாலும் கதை சொல்லிக் கேள்வி கேட்கும் புத்தி அதற்குண்டு. போர்க்களம் பாடும் பரணி நூல்களில் வரும் கூளி என்னும் பேய் பிணம் தின்னும், அதுவே பிணமில்லை. 2016-இல் ஊட்டி, கோவையைக் களமாகக் கொண்டு வந்த 'மிருதன்' என்ற படப்பெயர் நல்ல சொல்லாக்கம்தான், ஆனால் அந்தப் படத்தின் பெயராகவே நின்றுவிட்டது.

'கடிபிணம்' என்றொருவர் சொன்னார். அதை நான் கடுமையாக மறுக்கிறேன். ஹெய்தி நாட்டு வூடூ நம்பிக்கையில் ஜாம்பி யாரையும் கடிக்காது. பொக்கோர் என்னும் மந்திரவாதி செத்தவரை எழுப்பி வேலை வாங்குவான். கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக மாண்டவர்களின் பயம் அது: செத்தாலும் விடுதலையில்லை. 1932-இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்திலும் அவர்கள் சர்க்கரை ஆலையில் உழைக்கிறவர்கள்தான். மனிதச் சதை தின்னும் கூட்டமாக அவர்களை மாற்றியது 1968-இல் வந்த ஜார்ஜ் ரொமேரோவின் படம். அதன் வசனத்தில் ஜாம்பி என்ற சொல்லே கிடையாது. உழைக்கும் ஜாம்பி, சதை தின்னும் ஜாம்பி இரண்டையும் நம் சொல் தாங்க வேண்டும்.

அதனால் 'திரிபிணம்'. திரிதல் என்றால் அலைதல். 'பால் திரிஞ்சு போச்சு' என்னும்போது தன்மை கெட்டு மாறுதல். இரண்டும் இங்கே பொருந்துகின்றன. வினைத்தொகை, ஆகவே நடுவில் ப் மிகாது. திரிபிணக் கூட்டம், திரிபிண ஒப்பனை, 'அவள் திரிபிணமானாள்' எல்லாம் தடங்கலின்றி வருகின்றன.

ஈரோட்டிலிருந்து:

தம்பி, பட்டியலுக்குத் திரிபிணம் சரிங்க, மாற்றிவிடுகிறேன். வசனத்தில் மட்டும் ஜாம்பியே இருக்கட்டும். பயந்து ஓடுகிறவன் வாயில் புதுச்சொல் வராது.

லேடெக்ஸ் என்னும் ரப்பர் பாலும் டிஷ்யூ தாளும் வைத்து ஒப்பனையில் செய்யும் பிய்ந்த தோலுக்கும் ஒரு சொல் வேண்டும். 'புண்தோல்' என்றால் நிஜப் புண்ணோடு குழம்பும். 'கிழிதோல்' என்று எழுதி, செய்முறையையும் கூடவே போடலாம்: முந்தின நாளே முன்கையில் லேடெக்ஸ் தடவி ஒவ்வாமை பார்க்க வேண்டும். புருவத்தில் வாசலின் பூசாவிட்டால் உரிக்கும்போது முடியும் வந்துவிடும். டிஷ்யூவைத் தனித்தாளாகப் பிரித்து, கையால் கிழித்து ஒட்ட வேண்டும். கத்தரித்த விளிம்பு மேடை விளக்கில் கோடாகத் தெரியும். இரண்டு மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே ஈரம் தங்கி, கிழிசல் காட்ட நடுவில் கிள்ளும்போது மொத்தமும் பெயர்ந்து வரும். வேர்த்த முகத்தில் லேடெக்ஸ் பிடிக்காது. சித்திரை, வைகாசி நாடகத்துக்கு ஒப்பனை அறையில் மின்விசிறி கட்டாயம் என்பதையும் அதே குறிப்பில் சேர்த்துவிடுங்க.