லஃப்பரோவில் ஒரு கிழமை: எங்கே போகலாம்?

களுவாஞ்சிக்குடி வாத்தியார்:
மகள் இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் படித்து முடித்துவிட்டாள். ஜூலையில் பட்டமளிப்பு, நானும் மனைவியும் போகிறோம். சொந்தக்காரர் எல்லாரும் லண்டனைப் பாருங்கள் என்கிறார்கள். எனக்கு அதில் மனம் இல்லை. பிள்ளை இருந்த ஊரையும் அதன் அக்கம்பக்கத்தையும் ஆறுதலாகப் பார்க்கத்தான் ஆசை. அந்தப் பகுதிக்குச் சார்ன்வுட் என்று பெயராம். சந்தை, பழைய கட்டடம், காடு மேடு எதுவென்றாலும் சரி. மனைவிக்கு முழங்கால் நோவு, ஏற்றம் ஏறமாட்டா. அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்முனைக்காரி:
சேர், நான் அங்கே குடும்பத்தோடு இருந்தவள். நீங்கள் எடுத்த முடிவு நல்ல முடிவு.

வியாழன் அல்லது சனி காலையில் சந்தைக்குப் போங்கள். 1221இல் அரச அனுமதி கிடைத்த சந்தை, இன்றும் நகரத்தின் நடுவில் திறந்த வெளியில்தான் கூடுகிறது. மரக்கறி, பழங்களைக் கிண்ணத்தில் குவித்து வைத்து, கிண்ணம் ஒரு பவுண் என்று கூவுவார்கள். நம்மூர் போல விலை பேசுகிற பழக்கம் இல்லை.

அங்கிருந்து குயின்ஸ் பார்க்குக்கு நடந்தே போகலாம். அந்தப் பூங்காவில் நிற்கிற மணிக்கோபுரத்தைத்தான் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். முதலாம் உலகப் போரில் இறந்த ஊர்ப் பிள்ளைகளின் நினைவாக 1923இல் திறந்தது. உயரம் சுமார் 46 மீற்றர், உள்ளே 47 மணிகள். மணிகள் ஆடாது. மேலே ஒருவர் இருந்து மரக்கட்டைகளை மூடிய கையால் குத்துவார், ஒவ்வொரு கட்டையும் கம்பி வழியாக ஒரு மணியின் நாக்கை இழுத்து அடிக்கும். அப்படியே முழுப்பாட்டும் வாசிப்பார்கள். கீழே வாங்கில் இருந்தே கேட்கலாம், அக்கா படி ஏறத் தேவையில்லை. வாசிக்கிற நேரத்தை மட்டும் மகளைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

அந்த மணிகளிலே பெரியதைக் கொடுத்தவர் எட்மண்ட் டெனிசன் டெய்லர். 47 மணிகளையும் வார்த்தது அவருடைய பட்டறைதான். அவருடைய அண்ணனின் மகன்மார் மூன்று பேர் பிரான்ஸில் போரில் செத்துப்போனார்கள். மூன்று பேரின் பெயரையும் அந்த மணியில் பொறித்திருக்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை! இந்தக் கதையைக் கேட்ட பிறகு அந்த மணிச்சத்தத்தை என்னால் சும்மா கேட்டுவிட்டுப் போக முடிந்ததில்லை.

அந்தப் பட்டறை இன்னும் ஊருக்குள் இயங்குகிறது, அருங்காட்சியகமும் உண்டு. லண்டன் புனித பவுல் பேராலயத்தின் பெரிய மணி, 16 தொன்னுக்கு மேல் எடை, 1881இல் இங்கேதான் வார்த்தார்கள். வார்த்த மணியின் உள்பக்கத்தைக் கடைசல் இயந்திரத்தில் மெல்லச் சீவிச் சீவிச் சுருதி சேர்ப்பார்கள். கூடச் சீவிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. முன்கூட்டியே பதிந்துவிட்டுப் போங்கள்.

மருதமுனைத் தறி:
சேர், சந்தைச் சதுக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை இருக்கும், ஒரு காலில் மட்டும் காலுறை போட்ட ஆள். அந்த ஊரின் காலுறைத் தொழிலுக்காக வைத்தது. எங்கள் வீட்டிலும் நெசவுதான், அதனால் இன்னொன்றையும் சொல்கிறேன். ஹீத்கோட் என்பவர் அங்கே இயந்திரத்தில் லேஸ் பின்னல் துணி நெய்யும் ஆலை வைத்திருந்தார். 1816இல் தொழிலாளர் கூட்டம் ஒன்று இரவில் புகுந்து அந்த இயந்திரங்களை அடித்து நொறுக்கியது. அவர் ஆலையையே தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் பக்கம் கொண்டுபோய்விட்டார். உடைத்தவர்களில் சிலரைத் தூக்கில் போட்டார்கள். கைத்தொழில் போன வீட்டின் கோபம் எனக்கு விளங்குகிறது.

ஏறாவூர்த் தம்பி:
ரெயிலை விட்டுவிட்டீர்களே! லஃப்பரோவிலிருந்து லெஸ்டர் நோர்த் வரை சுமார் 13 கிலோமீற்றர் நீராவி ரெயில் ஓடுகிறது. பெரும்பகுதி இரட்டைத் தண்டவாளம், அதனால் அங்கே ஓடிக்கொண்டே எதிர் ரெயிலைக் கடக்கும். மட்டக்களப்புப் பாதையில் எதிர் வண்டிக்காக ஸ்டேஷனில் காத்துக் கிடக்கிற நமக்கு அது தனிச் சந்தோசம். அப்புறம், சுற்றுலாத் தொழிலுக்குப் பேர்போன தோமஸ் குக் 1841இல் தன் முதல் சுற்றுலா ரெயிலை லெஸ்டரிலிருந்து கொண்டுவந்ததும் இதே லஃப்பரோவுக்குத்தான், தலைக்கு ஒரு ஷில்லிங்.

களுவாஞ்சிக்குடி வாத்தியார்:
எல்லாருக்கும் நன்றி. பிராட்கேட் பார்க் என்று மகள் சொல்கிறாள். முழங்காலுக்குச் சரிவருமா தங்கச்சி?

கல்முனைக்காரி:
வரும் சேர். குன்றின் மேலே நிற்கிற ஓல்ட் ஜோன் கோபுரத்துக்கு மட்டும் அக்காவைக் கூட்டிப் போகாதீர்கள், அது நல்ல ஏற்றம். நியூடவுன் லின்ஃபோர்ட் வாசலால் போனால் ஆற்றோரமாகச் சமமான தார்ப்பாதை. மான்கள் பக்கத்திலேயே மேயும். அந்தப் பாதையில் போனால் செங்கல் மாளிகையின் இடிபாடு வரும். 1553இல் ஒன்பது நாள் மட்டும் இங்கிலாந்தின் இராணியாக இருந்த ஜேன் கிரேயின் வீடு. மறு வருடம் அவளுடைய தலையை வெட்டினார்கள். சின்னப் பிள்ளை சேர், பதினாறு பதினேழு வயது. அந்தத் துக்கத்தில் பூங்காவின் ஓக் மரங்களின் தலையையும் வெட்டினார்கள் என்று ஊரில் கதை உண்டு. வார நாளில் போங்கள், சனி ஞாயிறு சனம் கூட. ஜூலை என்றாலும் குடையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.